தலைவன் இல்லாத கதை

"கதை யாருடையது? முதன்மைப் பாத்திரம் தெளிவாக இல்லை."

சிவப்பு மையினால் எழுதப்பட்ட இந்த இரண்டு வரிகளைச் சுமந்துகொண்டு, ஒரு மாணவியின் கதை எங்கள் பள்ளிக்குத் திரும்பி வந்தது. கதைப்போட்டி ஒன்றுக்கு அனுப்பப்பட்ட கதை. நடுவர் யாரோ, நானறியேன். அவர் மீது எனக்குச் சினமும் இல்லை. அவர் எழுதியது அவருடைய கருத்து மட்டுமல்ல. நம்மிலே பலருடைய கருத்து. 'கதை என்றால் கதாநாயகன் வேண்டும், அவனைச் சுற்றியே மற்றவர் வரவேண்டும்' என்று பாட்டியின் மடியிலே கேட்டோம், படக்கொட்டகையிலே பார்த்தோம், பாடநூலிலே படித்தோம். கேட்டதையும் பார்த்ததையும் படித்ததையும் கேள்வி கேட்டுப் பார்ப்பதுதானே பகுத்தறிவு! இந்த ஒன்றை மட்டும் ஏன் விட்டுவைத்தோம்?

முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மண்ணூர், திருப்பெரும்புதூர் வட்டத்துச் சிற்றூர். ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இந்த வட்டாரம் இன்று தொழிற்கூடங்களின் சங்கொலியிலே கண் விழிக்கிறது. விடியற்காலை ஐந்து மணி. பதின்மூன்று பெண்கள் தொழிலகப் பேருந்து ஏறும் நிறுத்தம். அன்று பன்னிருவரே நிற்கிறார்கள். பேருந்து வருகிறது, ஏறுகிறார்கள், ஓர் இருக்கை காலியாகவே இருக்கிறது. வராதவள் ஒருத்திக்கு ஐம்பது ரூபாய் தரவேண்டும். இன்னொருத்தியிடம் அவளுடைய சோற்றுப் பாத்திரம் இருக்கிறது. மற்றொருத்தி அவள் தோளிலே தலை சாய்த்துத் தூங்கியே பழகியவள். இன்று தலை சாய்க்கத் தோள் இல்லை. அவள் எந்த ஊர், என்ன ஆனாள் என்று ஆளுக்கொரு துண்டாகப் பேசுகிறார்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், அவளுடைய முழுப்பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. அடையாள அட்டையின் எண் மட்டுந்தான் ஒருத்திக்கு நினைவிருக்கிறது. மறுநாள் விடிகிறது. அந்த இருக்கையிலே புதிய பெண்ணொருத்தி வந்து அமர்கிறாள். கதை முடிகிறது.

பன்னிரண்டாம் வகுப்பிலே படிக்கும் பெண் எழுதிய கதை இது. பரிசு கிடைக்கவில்லை, அது பெரிதல்ல. திரும்பி வந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் என்னை உறுத்திற்று. "ஐயா, ஒருத்தியைத் தலைவியாக்கி, மாற்றி எழுதிவிடட்டுமா?"

அவளுக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. "ஒரு வாரம் பொறு" என்றேன். அந்த ஒரு வாரச் சிந்தனைதான் இந்தக் கட்டுரை.

*

'தன்னேரில்லாத் தலைவன்' என்ற தொடரைத் தமிழ் படித்தவர் அனைவரும் அறிவர். பெருங்காப்பியத்திற்கு இலக்கணம் வகுத்த தண்டியலங்காரம் தந்த தொடர் அது. தனக்கு நிகர் எவருமில்லாத ஒருவன் வேண்டும். அவனுக்கு மணம் வேண்டும், முடிசூட்டு வேண்டும், போர் வேண்டும், வெற்றி வேண்டும் என்று பட்டியல் போட்டது அந்நூல். வடமொழியிலே தண்டி இயற்றிய காவியாதர்சத்தின் வழிவந்தது அது. தண்டியோ, காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவர் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. காஞ்சிக்கும் மண்ணூருக்கும் தொலைவு அதிகமில்லை. ஆனால் அவைக்களத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் எவ்வளவு தொலைவு!

மன்னன் இருந்தான், அவன் தந்த பொன் இருந்தது, அந்தப் பொன்னை நம்பிப் புலவன் இருந்தான். அந்த அவையிலே பிறந்த இலக்கணம், 'நிகரில்லாதவன் ஒருவன் வேண்டும்' என்று கூறாமல் வேறு எதைக் கூறும்? உழுதவனும் நெய்தவனும் உப்பு விற்றவனும் அங்கே உவமைக்கு வருவார்கள், ஊர்வலத்திலே வருவார்கள், போர்க்களத்திலே பிணமாக வருவார்கள். கதைக்குள்ளே வரமாட்டார்கள். முடியாட்சிக்கு ஏற்ற இலக்கணம் அது. குடியாட்சி வந்து, வாக்குச்சீட்டிலே ஆளுக்கொரு மதிப்பு என்று ஆன பிறகும், கதையிலே மட்டும் முடியாட்சி நடக்கவேண்டுமா?

"தமிழ் மரபே அதுதானே!" என்பார் சிலர். மரபு என்ற சொல்லைக் கேட்டதும் வாய்மூடிக் கொள்பவர்கள் அல்லர் நாம். எந்த மரபு? எந்நாளைய மரபு?

தண்டியலங்காரத்துக்குப் பன்னூறு ஆண்டு மூத்தது தொல்காப்பியம். அகப்பாடலிலே வரும் காதலர் எவருக்கும் பெயர் சுட்டலாகாது என்பது அதன் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பொதுப்பெயர்கள்தாம். இன்னார் மகன் இன்னான் என்று சொல்லிவிட்டால் அது அகம் ஆகாது. எவ்வளவு துணிவான விதி பாருங்கள்! ஒருவனுடைய காதலைப் பாடினால் அது அவனுடைய புகழாகிவிடும். பெயரை நீக்கிவிட்டால் அது எல்லாருடைய காதலும் ஆகும் என்று கண்டவர்கள் நம் முன்னோர். 'தலைவன்' என்ற சொல் அங்கே முடியைக் குறிக்கவில்லை. நெய்தலிலே மீன் உணக்குபவளுக்கும் அவள் தலைவிதான். குறிஞ்சியிலே தினைப்புனம் காப்பவளுக்கும் அவள் தலைவிதான்.

அடுத்துச் சிலப்பதிகாரம். இந்தக் காப்பியத்தின் தலைவன் யார் என்று வகுப்பிலே கேட்டுப் பாருங்கள். 'கோவலன்' என்று ஒரு பிள்ளை எழுவான். முப்பது காதைகளில் பதினாறாவது காதையிலே கோவலன் வெட்டுண்டு வீழ்கிறான். இன்னும் பதினான்கு காதைகள் இருக்கின்றனவே! 'கண்ணகி' என்பாள் மற்றொரு பெண். மதுரைக் காண்டத்தோடு அவளும் மண்ணுலக வாழ்வை முடித்துக்கொள்கிறாள். வஞ்சிக் காண்டத்திலே கல்லாகத்தான் வருகிறாள். 'அப்படியானால் செங்குட்டுவன்' என்றால், அவன் காப்பியத்தின் கடைசிப் பகுதியிலேதான் வந்து நிற்கிறான். புகார், மதுரை, வஞ்சி என மூன்று ஊர்கள்; ஊருக்கொரு காண்டம். எவரேனும் ஒருவருடைய பெயரை நூலுக்கு இட்டாரா இளங்கோ? இல்லையே! காலிலே அணியும் சிலம்பின் பெயரையல்லவா இட்டார்! பொற்கொல்லன் கையிலே பொய்யாகி, பாண்டியன் அவையிலே உடைந்து மெய்யாகி, மூன்று நாட்டையும் ஒரு கதையாகக் கட்டியது அந்தச் சிலம்பு. தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் இதனைக் 'குடிமக்கள் காப்பியம்' என்றார். குடிமக்களின் காப்பியத்துக்கு நிகரில்லாத தலைவன் தேவைப்படவில்லை.

ஆகவே, மரபு என்று பேசுவோரிடம் நாம் அஞ்சவேண்டியதில்லை. அவர்கள் காட்டும் மரபைவிட மூத்த மரபு நம் பக்கம் இருக்கிறது.

*

ஆனால், வாதத்திலே வென்றுவிட்டோம் என்று மேசையைத் தட்டிவிட்டுப் போவது நேர்மையன்று. எதிர்ப்பக்கத்தாரிடமும் வலுவான ஒரு கேள்வி இருக்கிறது.

"ஆயிரம் பேர் மாண்டனர் என்றால் செய்தி, ஒருத்தி அழுதாள் என்றால் கதை. ஒரு நெஞ்சுக்குள்ளே புகுந்தால்தானே வாசகனுக்கு வலி தெரியும்? கூட்டத்துக்கு ஏது நெஞ்சு?" என்று கேட்கிறார்கள்.

மறுக்க முடியுமா? முடியாது. நமது இயக்கத்தார் எழுதிய நாடகங்களும் படங்களும் வென்றது எதனாலே? ஒருவன் எழுந்து நின்று பேசினான். கொட்டகை எழுந்து நின்றது. 'பராசக்தி' 1952இல் வெளிவந்தபோது நாடு முழுவதும் கேட்டது, நீதிமன்றத்திலே நின்ற குணசேகரனின் குரலைத்தான். அந்நாளின் தேவை அது. வாயடைத்துக் கிடந்த மக்களுக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது.

எனினும், இன்று திரும்பிப் பார்க்கும் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டாமா? கல்யாணியின் துயரைக் குணசேகரன் பேசினான். 'வேலைக்காரி' என்று வீட்டுப் பணிப்பெண்ணின் நிலையைத் தலைப்பாக்கினார் அண்ணா. ஆனால் 1949இல் திரையிலே அந்தக் கதையை நடத்திச் சென்றவன் ஆனந்தன். துன்பப்பட்டவர் ஒருவர், பேசியவர் மற்றொருவர். இந்த வழக்கம் அன்றோடு நின்றதா? 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்திலே, கணவனைக் காவல்நிலையத்திலே பறிகொடுத்த செங்கேணிதான் கால் கடுக்க நடந்தவள், கர்ப்பிணி வயிற்றோடு வாசல் வாசலாக ஏறியவள், பணத்தை மறுத்தவள். சுவரொட்டியிலே பெரிதாகத் தெரிந்த முகமோ வழக்கறிஞருடையது. நல்ல படந்தான், நாட்டை உலுக்கிய படந்தான். ஆயினும் தலைவன் என்ற நாற்காலியைக் கதைக்குள்ளே போட்டுவிட்டால், அதிலே யார் வந்து அமர்வார் என்பது பெரும்பாலும் முன்னரே முடிவாகிவிடுகிறது. படித்தவர் அமர்வார், பேசத் தெரிந்தவர் அமர்வார், பாதிக்கப்பட்டவர் நிற்பார்.

இதற்கு மாற்று வழியையும் அண்ணாவே காட்டியிருக்கிறார். 'செவ்வாழை' கதையை நினைத்துப் பாருங்கள். செங்கோடன் வருகிறான், அவன் மனைவி வருகிறாள், நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். யார் தலைவன்? கொல்லையிலே வளர்ந்த வாழைதான்! அது குலை தள்ளும்போது குடும்பமே குலை தள்ளியதுபோல் மகிழ்கிறது. பண்ணையார் வீட்டுக்கு அந்தக் குலை போகும்போது குடும்பமே வெட்டப்பட்டது போலாகிறது. முழக்கம் இல்லை, நீதிமன்றம் இல்லை, நீண்ட பேச்சு இல்லை. சுரண்டல் என்றால் என்னவென்று ஒரு பழம் விளக்கிவிடுகிறது. நெஞ்சு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதுவே விடை. நெஞ்சு வேண்டுந்தான்; அது ஒருவர் மார்புக்குள்ளேதான் இருக்கவேண்டும் என்பதில்லை. பலர் ஒன்றையே எதிர்பார்த்து, ஒன்றையே இழந்தால், அந்த இழப்பே கதைக்கு நெஞ்சாகிவிடும்.

*

கீழவெண்மணியை எடுத்துக்கொள்வோம். ஒற்றைத் தலைவன் வேண்டுமா என்ற கேள்வி அங்கே வெறும் இலக்கியக் கேள்வியாக நிற்பதில்லை.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்திலே, கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதற்காகவும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காகவும், இராமையாவின் குடிசைக்குள்ளே 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஒடுக்கப்பட்ட சாதியிலே பிறந்த உழவுத் தொழிலாளர் குடும்பங்கள். நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் 1970இல் நாகை அமர்வு நீதிமன்றம் தண்டித்தது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

இந்தக் கதைக்குத் தலைவன் யார்? நாற்பத்து நால்வரில் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், மற்ற நாற்பத்து மூவர் பின்னணி ஆகிவிட மாட்டார்களா?

இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற புதினம். தேர்ந்த கை; உரையாடலிலே வல்லவர்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கதையை எங்கே நிறுத்தினார்? தில்லியிலிருந்து வந்து கிராமத்திலே தங்கியிருக்கும் படித்த இளைஞன் கோபால், அவனைத் தேடிவரும் நண்பன் சிவா ஆகியோரின் கண்கள் வழியே நாம் ஊரைப் பார்க்கிறோம். மறுபுறம் நிலக்கிழார் கண்ணையா நாயுடு. அவனுடைய கொடுமைக்கு வேராக ஆண்மைக் குறையையும் அதை மறைக்கும் ஆவேசத்தையும் ஆசிரியர் வைக்கிறார். ஒரு மனிதனின் மனத்தை ஆழமாகத் தோண்டுவது இலக்கியத்தின் உரிமை. ஆனால் இந்த நிகழ்ச்சியிலே தோண்டியபோது என்ன நேர்ந்தது? நெல்லும் கூலியும் சாதியும் சங்கமும் ஓரத்துக்குப் போயின. ஒருவனுடைய உடற்குறை நடுவிடத்துக்கு வந்தது. அந்த நாயுடுவுக்குக் குறையே இல்லாதிருந்தால் வெண்மணி எரிந்திராதா? எரிந்துதான் இருக்கும். ஒருவன் தீ வைத்தான் என்று கதை சொல்கிறது. ஓர் அமைப்பு தீ வைத்தது என்பது வரலாறு. தனிமனிதனைத் தேடிப் போன கதை, காரணத்தைத் தவறவிட்டு வந்தது.

2014இல் மீனா கந்தசாமி ஆங்கிலத்திலே ஒரு புதினம் எழுதினார். தமிழிலே 'குறத்தியம்மன்' என வந்தது. நேர் எதிர்வழி. தலைவனைத் தரமாட்டேன் என்று முடிவு செய்தே எழுதிய நூல். நிலக்கிழாரின் விண்ணப்பம் ஒரு பகுதி. துண்டறிக்கை ஒரு பகுதி. கருகிய உடல்களை அரசு அலுவலர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போகும் பட்டியல் ஒரு பகுதி. அந்தப் பட்டியலைப் படித்தவர் மறக்கமாட்டார். அழுகை இல்லை, அடைமொழி இல்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. எவரையும் தனியே தூக்கி நிறுத்தாததாலேயே எவரையும் தாண்டிப் போக முடியவில்லை.

ஆயினும் குறை இல்லையா? இருக்கிறது. நூலின் முற்பகுதியிலே, இதை ஏன் இப்படி எழுதுகிறேன் என்று ஆசிரியரே வாசகனோடு வழக்காடிக் கொண்டிருக்கிறார். பக்கம் பக்கமாக அந்தக் குரல்! தலைவனை வெளியேற்றிவிட்டு, காலியான நாற்காலியிலே தாமே அமர்ந்துகொள்ளும் இடர் அங்கே தெரிகிறது. ஊர் பேசத் தொடங்கும்போதுதான் நூல் உயிர் பெறுகிறது.

ஒரே தீ, இரு நூல்கள். முதல் நூலின் தவறு, ஒருவனைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நூலின் தடுமாற்றம், ஒருவரும் இல்லாத இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதிலே. வெண்மணி நினைவிடத்துக் கல் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்துவிட்டது. உயிரிழந்தோர் பெயர்களை வரிசையாகப் பொறித்தது, வரிசையே கதையாயிற்று.

*

தலைவனை நீக்கினால் மட்டும் போதாது. அந்த இடத்திலே எதை வைப்பது? வென்ற நூல்கள் வைத்ததைப் பார்ப்போம்.

செருமானிய நாடகாசிரியர் கெரார்ட் ஆப்டுமன், 1844இல் சைலீசிய நெசவாளர் செய்த கிளர்ச்சியைக் கொண்டு 'நெசவாளர்கள்' என்ற நாடகத்தை 1892இல் எழுதினார். ஐந்து அங்கங்கள். ஓர் அங்கத்திலே முன்னே நிற்பவர் அடுத்த அங்கத்திலே பின்னே போய்விடுகிறார். புதியவர் முன்னே வருகிறார். எதுவும் சிதறவில்லை. ஏன்? கூலிக் குறைவும் பசியும் அங்கம்தோறும் இறுகிக்கொண்டே போகின்றன. கடைசி அங்கத்திலே கிழவர் ஒருவர் வருகிறார்; கிளர்ச்சியிலே சேர மறுத்து, கடவுள் கணக்குத் தீர்ப்பார் என்று தறியை விட்டு எழாமல் இருப்பவர். வெளியே வெடித்த துப்பாக்கியின் குண்டு தறியிலே இருந்த அவர்மீது பாய்கிறது. தலைவர் சாகவில்லை; விலகி நின்றவர் சாகிறார். பலருடைய கதை என்பதாலேயே அந்தச் சாவுக்கு அவ்வளவு பொருள்!

நம் நாட்டிலே தொ.மு.சி.ரகுநாதன் 1953இல் 'பஞ்சும் பசியும்' எழுதினார். கைத்தறி நெசவாளரின் வாழ்வைத் தமிழ்ப் புதினத்தின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி நூல். தறி ஓசை நின்ற தெருவின் துயரத்தை அவர் சொல்லும் இடங்கள் நெஞ்சிலே நிற்கின்றன. ஊர்வலமும் முழக்கமும் வரும் இடங்களிலே முகங்கள் மங்கி, எல்லாரும் ஒரே வாக்கியத்தைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கூட்டத்தைக் கதையாக்குவோர் அனைவரும் வழுக்கும் இடம் இது.

1966இல் சுந்தர ராமசாமி ஒரு மரத்தை நடுவிலே நட்டார். 'ஒரு புளியமரத்தின் கதை'. மரத்தடியிலே ஊர் கூடுகிறது, வணிகம் வளர்கிறது, அரசியல் நுழைகிறது, மரம் பட்டுப்போகிறது. 1976இல் கி.ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' தந்தார். இடம்பெயர்ந்து வந்த ஒரு கூட்டம் காடு திருத்தி ஊராகும் கதை; ஊரே அதன் தலைவன். டி.செல்வராஜ் 2010இல் 'தோல்' எழுதினார். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் சங்கமாகத் திரண்ட வரலாறு. 2012இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழியும் அதன் நாற்றமும் அத்தனை பேரையும் ஒரே கதைக்குள்ளே பிடித்து வைக்கின்றன.

மரம், ஊர், தொழில், பசி, சிலம்பு, வாழை. இவற்றிலிருந்து நான் பெறும் முடிவு இது. கதைக்குத் தலைவன் ஒருவன் கட்டாயமில்லை. கட்டு ஒன்று கட்டாயம். பலரும் ஒருசேரப் பற்றியிருக்கும் ஏதோ ஒன்று வேண்டும். அது அசைந்தால் அத்தனை பேரும் அசையவேண்டும். அந்தக் கட்டு இருக்குமானால் நூறு பேர் வந்தாலும் கதை ஒன்றுதான். அது இல்லையானால் ஒரே ஒருவன் வந்தாலும் கதை நூறு துண்டுதான்.

அதோடு இன்னொன்று. ஒருவனை உயர்த்தாமல் எழுதுவது எளிய வேலையன்று. ஒரு தலைவனுக்கு உயிர் கொடுக்கும் உழைப்பைப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தாகவேண்டும். 'மக்கள்' என்று பொதுவாக எழுதிவிட்டு, அவர்களிலே ஒருவருக்குக்கூடத் தனிக்குரல் தராதவன், மக்களைப் பாடியவன் ஆகமாட்டான்.

*

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், கதைக்குத் தலைவன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று எண்ணும் தோழர்களுக்கு ஒரு சொல்.

2021 டிசம்பர். சுங்குவார்சத்திரத்துப் பாக்சுகான் தொழிலகத்துப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றிலே உணவு நஞ்சாயிற்று. 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். 'எங்களோடு இருந்தவர்கள் எங்கே? என்ன ஆனார்கள்?' என்று கேட்டுப் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை நின்றது. தொழிலகமும் சில வாரம் நின்றது. விடுதிகளின் நிலை நாடறியப் பேசப்பட்டது. அந்தப் போராட்டத்தை இன்று எவருடைய பெயரால் நினைவுகூர்கிறோம்? எவருடைய பெயராலும் இல்லை. பக்கத்துப் படுக்கை காலியாக இருப்பதைக் கண்டவர்கள் சாலையிலே வந்து அமர்ந்தார்கள், அவ்வளவுதான். 2024 செப்டம்பர் 9இல் சாம்சங் தொழிலாளர் சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினர். 37 நாள் நீடித்தது. பந்தலின் கீழே அமர்ந்திருந்த நூற்றுக்கணக்கானோரில் யாரைக் கதாநாயகன் என்பீர்கள்?

நாம் வாழும் மண்ணிலே வரலாறு இப்படித்தான் நடக்கிறது. தலைவன் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இலக்கணத்தோடு இந்த மண்ணுக்கு வரும் எழுத்தாளன் என்ன செய்வான்? ஒருத்தியைப் பொறுக்கி எடுப்பான், அவளுக்கு அழகு கொடுப்பான், ஆற்றல் கொடுப்பான், மற்றவர்களை அவளுக்குக் கைதட்ட வைப்பான். படிப்பவர்கள், 'நமக்கும் இப்படியொருத்தி வரமாட்டாளா' என்று காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள். அவதாரம் வரும் என்று காத்திருந்த நாட்டிலே, அவதாரம் இல்லை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கதையின் பின்வாசல் வழியாக அவதாரத்தை மீண்டும் அழைத்து வரலாமா?

தனி ஒருவரின் கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனிமையே பொருளாகும்போது ஒருவர்தான் வேண்டும். ஒருத்தியின் விதவைக்கோலம், ஒருவனின் மனச்சான்று, ஒரு கிழவரின் கடைசி நாள் ஆகியவற்றுக்குக் கூட்டம் இடையூறு. பொருள் எதுவோ அதற்கேற்ற உருவம் என்பதே என் வழக்கு. பலருக்கு நேர்ந்ததை ஒருவனுக்கு நேர்ந்ததாகச் சுருக்காதே என்பதே என் வேண்டுகோள்.

*

ஒரு வாரம் கழிந்தது. மாணவி வந்தாள். தாளை மேசைமீது வைத்தேன்.

"தலைவியை நுழைக்காதே" என்றேன். "உன் கதையின் கட்டு, அந்தக் காலி இருக்கை. பன்னிரண்டு பேரையும் அது பிடித்து வைத்திருக்கிறது. ஒருத்தியை உயர்த்தினால், வராத அந்தப் பெண்ணுக்காக அவள் மட்டும் அழுவாள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது எல்லாருக்கும் ஒரு பங்கு வலி இருக்கிறது."

அவள் முகம் மலர்ந்தது. ஆசிரியன் அல்லவா நான்? அதோடு விடவில்லை.

"ஆனால் நடுவர் சொன்னதிலே கால் பங்கு உண்மை உண்டு. பன்னிரண்டு பேர் என்று எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேருக்குத்தான் குரல் இருக்கிறது. மற்ற எழுவரும் ஒரே மாதிரி பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, வராதவளை வெறுத்தவளாக இருக்கக்கூடாதா? ஒருத்தி, 'இடம் காலியாயிற்று, என் தங்கையைச் சேர்த்துவிடலாம்' என்று நினைக்கக்கூடாதா? நல்லவர்கள் மட்டுமே ஏறும் பேருந்து எந்த ஊரிலே ஓடுகிறது?"

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நிறுத்தத்திலே அம்மாவோடு போய் நின்று பார்த்துவிட்டு எழுதட்டுமா?" என்றாள். அவளுடைய அம்மாவும் அந்தப் பேருந்திலே போகிறவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் வகுப்பிலே அவள் தூங்கி விழுந்தாள். ஐந்து மணிக்கே நிறுத்தத்துக்குப் போயிருந்தாளாம். நான் எழுப்பவில்லை. மேசைமீது கிடந்த அவளுடைய குறிப்பேட்டிலே எழுவர் பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி இருந்தது.